தந்தியின் குறையா, அளவுகோலின் குறையா? வில்லால் இசைக்கும் கருவிகளில் இயற்கைச் சீரிசைகளின் சுருதி: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வயலின் போன்று வில்லால் இசைக்கப்பெறும் நரம்புக்கருவிகளில் இருவகையாக ஒலி எழுப்பலாம். தந்தியை விரலால் அழுத்தி, அதன் நீளத்தைக் குறைத்து இசைப்பது ஒருவகை. தந்தியை அழுத்தாமல், குறித்த ஓர் இடத்தில் விரல்நுனியால் மெல்லத் தொட்டபடி வில்லை இழுப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையில் பிறக்கும் ஒலி குழலோசையை ஒத்த தெளிவும் மென்மையும் உடையது. ஐரோப்பியர் அதனைச் சிறு குழல் ஒன்றன் பெயரால் 'ஃபிளாஜியோலெட்' ஒலி என்றும் வழங்கினர். இயற்பியல் நோக்கில் அது தந்தியின் இயற்கைச் சீரிசை எனப்படும்.

இச்சீரிசைகளுள் சில, வழக்கிலுள்ள எந்தச் சுரத்தோடும் முழுமையாகப் பொருந்துவதில்லை. 1692இல் இலண்டனில் வெளிவந்த ஓர் ஆய்வுரை அவற்றைக் கருவியின் 'குறைகள்' எனப் பட்டியலிட்டது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அதே ஒலிகளைப் பெறுவதற்காகவே இசையமைப்பாளர் சிலர் வயலினின் சுருதியை மாற்றிக் கட்டச் சொன்னார்கள். இவ்விரு நிலைகளுக்கும் இடையில் தந்தியின் இயல்பு மாறவில்லை. எனின், மாறியது எது? சுருதிப் பிழை என்பது தந்தியில் உள்ளதா, அதனை அளக்க நாம் கைக்கொள்ளும் சுரமுறையில் உள்ளதா? இவ்வினாக்களை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயற்கைச் சீரிசையின் இயல்பு

அதிரும் தந்தி முழுநீளமாக அசைவதோடு, இரண்டு, மூன்று, நான்கு என்னும் சமபாகங்களாகவும் உடன் அசைகின்றது. பாகங்கள் சந்திக்கும் அசைவற்ற புள்ளி கணு எனப்படும். தந்தியின் நடுவில் தொட்டால் அங்குக் கணு உடைய அசைவுகள் மட்டுமே நிலைக்க, இரண்டாம் சீரிசை கேட்கும். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் மூன்றாம் சீரிசையும், நான்கில் ஒரு பங்கில் தொட்டால் நான்காம் சீரிசையும் எழும். நொடிக்கு 100 முறை அதிரும் தந்தியின் சீரிசைகள் 200, 300, 400, 500 என்னும் முறையில் அமையும்.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். அழுத்தி இசைக்கும்போது விரலைச் சிறிது நகர்த்திச் சுருதியைத் திருத்தலாம். இயற்கைச் சீரிசையில் அதற்கு இடமில்லை. தொடும் விரலை நகர்த்தினால் ஒலி மங்கிக் கெடுமேயன்றிச் சுருதி கருதத்தக்க அளவு மாறாது. முழுத்தந்தியின் நீளம், இழுவிசை, எடை ஆகியவையே அதனை உறுதி செய்கின்றன. ஆகவே, கலைஞரின் செவி எத்துணைக் கூர்மையுடையதாயினும் ஏழாம் சீரிசையை அவர் உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது. தந்தியையே மறுபடி சுருதி சேர்த்தல் ஒன்றே வழி. சீரிசையின் சுருதி பற்றிய வரலாற்று விவாதங்களுக்கெல்லாம் அடிப்படையாக அமைந்தது இவ்வுண்மையே.

டிரொம்பா மரீனாவும் 1692ஆம் ஆண்டு ஆய்வுரையும்

இயற்கைச் சீரிசைகளை மட்டுமே கொண்டு இசைக்கப்பெற்ற வில்கருவி ஒன்று ஐரோப்பாவில் வழங்கியது. டிரொம்பா மரீனா என்பது அதன் பெயர். ஆள் உயரத்தையும் விஞ்சும் நீண்ட ஒடுங்கிய உடலும், பெரும்பாலும் ஒற்றைத் தந்தியும் உடையது அது. அதன் குதிரையின் ஒரு கால் பலகையில் உறுதியாக நிற்க, மற்றொரு கால் தளர்வாக இருந்து பலகையில் மோதி அதிரும். அதனால் எக்காளம் போன்ற முழக்கம் பிறந்தது. கலைஞர் இடக்கைப் பெருவிரலால் கணுக்களைத் தொட்டு, கைக்கும் தந்தியின் மேல்முனைக்கும் இடையில் வில்லை இழுப்பார். 1547இல் கிளாரியானுஸ் தம் இசைநூலில் இக்கருவியை விளக்கியுள்ளார். 1670இல் மேடையேறிய மோலியேரின் நகைச்சுவை நாடகம் ஒன்றில், புதுப்பணக்காரர் ஒருவர் தம் வீட்டு இசைநிகழ்ச்சியில் இக்கருவியும் வேண்டும் என்று கேட்கும் காட்சி இடம்பெறுகின்றது.

இத்தகைய கருவியின் ஒற்றைத் தந்தி எக்காளத்தின் சுரங்களையே தருவது எதனால் என்னும் வினா அறிஞரை ஈர்த்தது. மெர்சென் 1636இல் வெளியிட்ட பெருநூலில், ஒரு தந்தி தன் அடிப்படைச் சுரத்தோடு வேறு மேலொலிகளையும் ஒருங்கே எழுப்புவதைப் பதிவு செய்தார். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வில்லியம் நோபிள், தாமஸ் பிகட் ஆகியோர் அதிரும் தந்தியின் மீது சிறு காகிதத் துண்டுகளை வைத்து, கணுக்களில் அவை அசையாது நிற்பதைக் கண்டனர். கணிதப் பேராசிரியர் ஜான் வாலிஸ் அச்சோதனைகளை 1677இல் வெளியுலகிற்கு அறிவித்தார்.

1692இல் பிரான்சிஸ் ராபர்ட்ஸ் என்பார் அரச கழகத்தின் ஆய்விதழில் எக்காளம், டிரொம்பா மரீனா ஆகியவற்றின் சுரங்களைப் பற்றியும் அவற்றின் குறைகளைப் பற்றியும் எழுதினார். தந்தியைச் சமபாகமாகப் பகுக்கும் இடங்களில் மட்டுமே ஒலி தெளிவாக எழும் என விளக்கிய அவர், ஏழாம், பதினொன்றாம், பதின்மூன்றாம், பதினான்காம் ஒலிகள் சுரமுறையோடு பொருந்தவில்லை எனக் காட்டினார்.

ஐந்தாம் சீரிசை இப்பட்டியலில் இல்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அவர் கைக்கொண்ட அளவுகோல் 2, 3, 5 என்னும் எண்களால் ஆன எளிய விகிதங்களை ஏற்றது என்பதை இது புலப்படுத்துகின்றது. அம்முறையில் காந்தாரத்தின் விகிதம் 5/4 ஆகும். ஐந்தாம் சீரிசையும் அதுவே. அதனால் ஐந்தாம் சீரிசை தூயது எனக் கொள்ளப்பட்டது. ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் அவ்வெண்களால் ஆக்கப்படாதவை. பதினான்கு ஏழின் இரட்டை. எனவே அந்நான்கும் குறைகளாயின. ராபர்ட்சின் பட்டியல் தந்தியைப் பற்றிய செய்தியாக மட்டுமன்றி, அக்காலத்துச் சுரமுறையின் எல்லையைக் காட்டும் சான்றாகவும் அமைகின்றது.

சொவேர் முதல் மொந்தோன்வில் வரை

பிரெஞ்சு அறிஞர் ஜோசப் சொவேர் 1701இல் பாரிசின் அறிவியல் கழகத்திற்கு அளித்த ஆய்வுரையில் இத்துறைக்குரிய சொற்களையே வகுத்தார். ஒலியியல் என்னும் துறைப்பெயர், சீரிசை ஒலிகள், கணு, வயிறு என்னும் கலைச்சொற்கள் அவர் வழியே நிலைபெற்றன. சொவேருக்கு இளமையிலேயே பேச்சுக் குறையும் செவிக் குறையும் இருந்தன என்பர். இசையொலியை எண்ணாலும் கண்ணாலும் அறிய முயன்றவர் அவர் என்பதற்கு இது பொருத்தமான பின்னணி.

இசையிலக்கணம் வகுத்த ராமோ 1737இல் எழுதிய நூலில் தந்தியின் இயற்கையிலிருந்தே இசையின் இணக்கங்களை வருவித்தார். ஆயினும் அவர் ஏற்றவை மூன்றாம், ஐந்தாம் சீரிசைகளே. ஏழாவதை அவர் தம் முறைக்குள் சேர்க்கவில்லை. இயற்கையே இசைக்கு அடிப்படை என்றவரும் இயற்கை தந்தவற்றுள் தேர்வு செய்தே கொண்டார் என்பது கருதத்தக்கது.

இதே காலத்தில், 1738 அளவில், மொந்தோன்வில் வயலினுக்கான ஆறு சொனாட்டாக்களைச் 'சீரிசை ஒலிகள்' என்னும் தலைப்பிலேயே வெளியிட்டார். சீரிசைகளை வயலினில் எழுப்பும் முறையை அச்சில் விளக்கிய முன்னோடி நூல் இது. 1756இல் லியோபோல்ட் மொசார்ட் தம் வயலின் நூலில், சீரிசைகளை ஏனைய ஒலிகளோடு கலந்து இசைப்பதை ஏற்கவில்லை. ஒலித்தன்மை ஒருசீராக அமையாது என்பது அவர் கருத்து. 1761இல் லாபே லெ ஃபீஸ் வெளியிட்ட நூல் செயற்கைச் சீரிசைகளையும் பயன்படுத்தியது.

செயற்கைச் சீரிசையில் ஒரு விரல் தந்தியை அழுத்தி நீளத்தைக் குறைக்க, மற்றொரு விரல் அக்குறுகிய தந்தியின் கணுவைத் தொடும். அழுத்தும் விரல் நகரக் கூடியதாதலின் சுருதி மீண்டும் கலைஞர் கைக்கு வந்துவிடுகின்றது. பாகனினி இம்முறையில் அடைந்த தேர்ச்சியைக் கூர் என்பார் 1829இல் தனிநூலாகவே விளக்கினார். சீரிசையின் ஒலிநயம் வேண்டும், அதன் கட்டுப்படாத சுருதி வேண்டாம் என்போர்க்கு இது வாய்ப்பான தீர்வாயிற்று. ஆயினும் இயற்கைச் சீரிசை எழுப்பிய வினா அவ்வாறே எஞ்சியது.

அளவுகோல் மாறிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பியானோவின் பரவலோடு, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகங்களாகப் பகுக்கும் முறை ஐரோப்பாவில் வேரூன்றியது. ஹெல்ம்ஹோல்ட்சின் ஒலியியல் நூலை 1875இல் ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ், 1885இல் சுர இடைவெளிகளை அளப்பதற்குச் 'சென்ட்' என்னும் அலகை அறிமுகப்படுத்தினார். இம்முறையில் ஒரு ஸ்தாயி 1200 சென்ட் ஆகும். சமப்பகுப்பின் ஒவ்வோர் அரைச்சுரமும் 100 சென்ட் ஆகும்.

இவ்வளவுகோலால் அளந்தால் மூன்றாம் சீரிசை 2 சென்ட் உயர்ந்தும், ஐந்தாவது 14 சென்ட் தாழ்ந்தும், ஏழாவது 31 சென்ட் தாழ்ந்தும் நிற்கின்றன. பதினொன்றாவது இரு சுரங்களுக்கு ஏறத்தாழ நடுவே விழுகின்றது. 1692இல் தூயதாக இருந்த ஐந்தாம் சீரிசை இப்போது குறையுடையதாயிற்று. 3/2 என்னும் பஞ்சமத்தை மட்டும் அடுக்கி அமைக்கும் பித்தகோரசின் முறையைக் கொண்டால் அதே சீரிசை 22 சென்ட் தாழ்ந்து தோன்றும். தந்தி ஒன்று, அளவுகோல் மூன்று, குறைகளின் பட்டியலும் மூன்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் கணக்கன்று. நால்வர் கூடி இசைக்கும் வயலின் குழுவில் செல்லோவும் வயலினும் தூய பஞ்சமங்களாகச் சுருதி சேர்க்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 'ஏ' தந்தி 440 அதிர்வுகள் எனின், வயலினின் 'ஈ' தந்தி 660 அதிர்வுகளாகும். செல்லோவின் அடித்தந்தியான 'சி' ஏறத்தாழ 65.2 அதிர்வுகளாக அமையும். அதன் பத்தாம் சீரிசையும் 'ஈ' என்னும் சுரமே. ஆனால் அதன் அளவு 652 அதிர்வுகள் மட்டுமே. இருவரும் பிழையின்றிச் சுருதி சேர்த்திருந்தும் ஒரே பெயருடைய இரு ஒலிகள் 81/80 என்னும் விகிதத்தில் வேறுபடுகின்றன. இவ்விடைவெளி ஏறத்தாழ 22 சென்ட் ஆகும். நம் இசையியலார் பலர் பிரமாண சுருதி எனக் கணக்கிடும் இடைவெளியும் இதுவே. இங்கு எந்தக் கலைஞரையும் குறைகூற இயலாது. பஞ்சமத்தின் தூய்மையும் காந்தாரத்தின் தூய்மையும் ஒரே சுருதியமைப்பில் ஒருங்கே நிறைவேறா என்பதையே இயற்கைச் சீரிசை வெளிப்படுத்துகின்றது.

எல்லிஸ் இந்தியா, அரபு நாடுகள், ஜாவா, சீனா, ஜப்பான் ஆகியவற்றின் சுரமுறைகளையும் அளந்து ஒப்பிட்டார். இயற்கை விதிகளிலிருந்து தவிர்க்க இயலாமல் விளைந்த ஒரே சுரமுறை என ஒன்றில்லை, அவை பலவகைப்பட்டவை, மனிதர் ஆக்கியவை என்பது அவர் கண்ட முடிவு. ஐரோப்பியரின் அளவுகோல் உலகப் பொதுவானதன்று என்பதை ஐரோப்பிய அறிஞரே எண்களால் நிறுவியதாக இதனைக் கொள்ளலாம்.

கல்கத்தாவில் இராமன்

வில்லுக்கும் தந்திக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கியதில் தமிழகத்தில் பிறந்த அறிஞர் ஒருவருக்குச் சிறப்பிடம் உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி.வி. இராமன், 1930இல் ஒளிச்சிதறல் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றமை அனைவரும் அறிந்தது. அதற்கு முன்னர் அவர் ஆழ்ந்து ஈடுபட்ட துறை இசைக்கருவிகளின் ஒலியியலாகும். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்ற அவர், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். வில்லால் இழைக்கப்படும் தந்திகளின் அதிர்வு பற்றிய அவருடைய விரிவான நூலை அக்கழகம் 1918இல் வெளியிட்டது.

வில்லால் இழைக்கப்படும் தந்தி வளைகோடாக அசையாமல், இரு நேர்கோடுகளாக முறிந்து, அம்முறிவு தந்தியின் வழியே ஓடித் திரும்புவதாக அசைகின்றது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்னரே கண்டிருந்தார். இராமன் இதனை விரிவுபடுத்தி, ஓடும் முறிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அதிர்வு வகைகளைப் பகுத்து விளக்கினார். வில்லைக் கையால் இழுப்பதில் நேரும் ஏற்றத்தாழ்வுகளைத் தவிர்க்க, இயந்திரத்தால் இயங்கும் வயலின் ஒன்றை அமைத்து 1920இல் தம் சோதனைகளை வெளியிட்டார்.

நம் பொருளுக்கு இவ்வாய்வுகள் ஒரு நுட்பத்தை உணர்த்துகின்றன. உண்மையான தந்தி சிறிதளவு விறைப்பு உடையது. ஆகையால் அதன் உயர் சீரிசைகள் முழு எண் மடங்கினின்றும் சற்றே உயரும். வில் தொடர்ந்து பற்றியும் விடுத்தும் இயக்கும்போது அதிர்வு சீரான சுழற்சியாகிவிடுவதால், முழுத்தந்தியின் ஒலிக்குள் அடங்கிய சீரிசைகள் துல்லியமான முழு எண் மடங்குகளாகப் பிணைக்கப்படுகின்றன. அதே சீரிசையை விரலால் தொட்டுத் தனியே பிரித்தெடுத்தால் அப்பிணைப்பு நீங்கி, தந்தியின் விறைப்பும் தடிப்பில் உள்ள சீரின்மையும் வெளிப்படும். ஆக, தந்தியின் உண்மையான குறை என்று ஒன்று இருக்குமாயின் அது இம்மிகச்சிறிய விலகலே. ராபர்ட்ஸ் பட்டியலிட்ட குறைகள் அதனினும் வேறானவை.

1921இல் இராமன் தம்புரா, வீணை ஆகியவற்றையும் ஆராய்ந்தார். தந்தியை ஒரு கணுவில் மீட்டினால் அக்கணுவுக்குரிய சீரிசை எழாது என்பது பொதுவிதி. நம் கருவிகளின் வளைந்த பாலத்தால் அவ்விதி மீறப்பட்டு, அச்சீரிசையும் ஓங்கி ஒலிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இவை மீட்டும் கருவிகளே எனினும், சீரிசைகளை மறைக்காமல் வெளிக்கொணர்வதையே இலக்காகக் கொண்ட கருவியமைப்பு மரபு ஒன்று இந்தியாவில் இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

கருநாடக இசை வயலின்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு ஆகியோர் வழியாக வயலின் கருநாடக இசைக்குள் வந்தபோது, அதன் சுருதியமைப்பு மாறியது. நான்கு தந்திகளும் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் எனச் சேர்க்கப்பட்டன. தமிழிசை மரபில் இவை குரலும் இளியும் ஆகும். இவ்வமைப்பில் சட்சத் தந்தியின் ஐந்தாம் சீரிசை அந்தர காந்தாரமாகவும், பஞ்சமத் தந்தியின் மூன்றாவது சதுசுருதி ரிடபமாகவும், ஐந்தாவது காகலி நிடாதமாகவும் ஒலிக்கும். தம்புராவில் தானே எழுந்து கேட்கும் காந்தாரமும் அதே ஐந்தாம் சீரிசையே.

மேலைச் சுருதியமைப்பில் பஞ்சமங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால்தான் முன்னர்க் கண்ட 81/80 என்னும் முரண் தந்திகளுக்கிடையே தோன்றுகின்றது. இங்கு இரண்டே சுரங்கள் மாறி மாறி வருவதால் அம்முரண் எழுவதில்லை. ஒரே மரக்கருவி, ஒரே வகைத் தந்தி. சுருதி சேர்க்கும் முறை மாறியதும் அதன் சீரிசைகளின் 'குணமும்' மாறிவிடுகின்றது.

குறையே வளமான நிலை

ஸ்ட்ராவின்ஸ்கியின் 'நெருப்புப் பறவை' 1910இல் பாரிசில் அரங்கேறியது. அதன் தொடக்கப்பகுதியில் நரம்புக்கருவிகள் 'டி' என்னும் சுரத்தின் இயற்கைச் சீரிசைகளின்மீது விரலை வழுக்கிச் செல்கின்றன. இதற்கென முதல் வயலின் கலைஞர்கள் தங்கள் 'ஈ' தந்தியை 'டி'யாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஏழாம் சீரிசை போன்ற 'குறைகளும்' அவ்வழுக்கலில் விலக்கின்றி ஒலிக்கின்றன.

ருமேனியாவில் வளர்ந்த லிகெட்டி இதனை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். 1990க்கும் 1992க்கும் இடையில் உருவான அவருடைய வயலின் கான்செர்ட்டோவில், இசைக்குழுவைச் சேர்ந்த ஒரு வயலினும் ஒரு வயோலாவும் டபுள்பாஸின் இயற்கைச் சீரிசைகளுக்கு இணங்கச் சுருதி மாற்றிக் கட்டப்படுகின்றன. 1994இல் நிறைவுற்ற அவருடைய வயோலா சொனாட்டாவின் முதற்பகுதி முழுவதும் 'சி' தந்தியிலேயே அமைந்தது. ஐந்து, ஏழு, பதினொன்று ஆகிய சீரிசைகளின் சுருதி விலகல்களை, அழுத்தி இசைக்கும் சுரங்களிலும் பின்பற்றுமாறு அதில் குறிப்புகள் தரப்பட்டுள்ளன. இங்கு நிலைமை தலைகீழாகின்றது: சீரிசையைச் சுரமுறைக்கு ஏற்பத் திருத்த முயன்ற காலம் போய், விரலால் ஆக்கும் சுரம் சீரிசைக்கு ஏற்பத் திருத்தப்படுகின்றது. ராபர்ட்ஸ் விலக்கிய ஏழும் பதினொன்றும் கலைஞர் பயின்று அடைய வேண்டிய இலக்குகளாயின.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, இயற்கைச் சீரிசையின் சுருதி கலைஞரின் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்டது. அதனாலேயே அது சுரமுறைகளை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாக அமைந்தது. இரண்டாவது, எது தூயது, எது குறையுடையது என்னும் பட்டியல் ஒவ்வொரு காலத்தும் மாறியுள்ளது. அம்மாற்றம் அளவுகோலைப் பின்பற்றியதேயன்றித் தந்தியைப் பின்பற்றியதன்று. மூன்றாவது, வில்கருவிகளின் ஒலியியல் ஐரோப்பாவில் தொடங்கினும், கல்கத்தாவில் நிகழ்ந்த இராமனின் ஆய்வுகள் அவ்வரலாற்றின் இன்றியமையாப் பகுதியாகும்.

இந்திய இசையை ஆராய்வோர்க்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கையும் தருகின்றது. நம் இசையின் சுரங்களைப் பியானோவின் சுரங்களோடு ஒப்பிட்டு, இத்தனை சென்ட் உயர்வு, இத்தனை சென்ட் தாழ்வு என எழுதும் வழக்கம் கருவிகளின் துணையோடு இன்று எளிதாகிவிட்டது. அளவிடுதல் தேவையானதே. ஆனால் 'விலகல்' என்னும் சொல்லை எழுதுமுன், எதனின்றும் விலகல் என்று கேட்டல் வேண்டும். 1692இல் அவ்வினா கேட்கப்பட்டிருந்தால் ஏழாம் சீரிசை முந்நூறு ஆண்டுகள் குறை என்னும் பெயரைச் சுமந்திருக்க வேண்டியதில்லை.